பால்மா அறை எறும்பு டீச்சர்

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குப் பின்பக்கம், முன்பு பால்மா மூட்டை அடுக்கி வைத்த அறை ஒன்று இருக்கிறது. அந்த அறையில் ஒரு டீச்சர் நான்கு வருடம் குடியிருந்தார். யாராவது அவரைப் பற்றிக் கேட்டால் "நல்ல மனுசி" என்று சொல்லிவிடுகிறேன். சொன்ன வாய் மூடுவதற்குள், நல்ல மனுசிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. கெட்டவர் என்று சொல்லவும் நாக்கு எழாது.

அவர் வந்த அன்று அறையைத் திறந்துவிட்டது நான்தான். பிள்ளைக்காம்பராச் சாவி என்னிடம் இருக்கும். கொழுந்து பறிக்கவும் ரப்பர் பால் வெட்டவும் போகிற தாய்மார் தங்கள் குழந்தைகளை என் பொறுப்பில்தான் விட்டுவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான டீச்சர் வருகிறார், தங்க இடமில்லை என்று கிளாக்கர் ஐயா சொல்லி அனுப்பியிருந்தார். புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறுகிற பகல் பஸ்ஸில் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும், என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர் என்பதைத் தவிர அவருடைய குடும்பத்தைப் பற்றி அன்றைக்கும் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. கையில் ஒரு துணிப்பை, ஒரு பாய், கயிறு கட்டிய ஒரு பிஸ்கட் பெட்டி. பெட்டியை மட்டும் யாரையும் தூக்கவிடவில்லை.

உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் பாதிக்குத் தண்ணீர், தண்ணீரை அடைத்து ஈரப்பஞ்சு, வாயில் இன்னொரு பஞ்சு.

"என்ன டீச்சர், மருந்தா?"

"எறும்பு."

"எறும்பா! எதுக்கு?"

"பாக்குறதுக்கு."

அவ்வளவுதான் பதில். மறுநாளே ஜன்னல் பலகையில் குழாய்களை வரிசையாகப் படுக்க வைத்து, வெசாக் பண்டிகைக்கு விளக்குக்கூடு ஒட்டுகிற சிவப்புக் கண்ணாடித்தாளை மேலே போர்த்திவிட்டார். எறும்புக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாதாம். "நாம பாக்குறது அதுகளுக்குத் தெரியக்கூடாது அக்கா" என்றார். சிவப்பு வெளிச்சம் விழுகிற அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு, டீச்சர் செய்வினை செய்கிறவரா என்று கங்காணி வீட்டுக்காரி என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

பார்ப்பதுதான் அவருடைய வேலை, பொழுதுபோக்கு, எல்லாமே. எதையாவது பார்க்கத் தொடங்கினால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். நான் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும்போது வாசலில் வந்து அப்படித்தான் நிற்பார். "உள்ள வாங்க டீச்சர்" என்றால், "நான் இங்க இல்லைனு நெனச்சிக்கங்க" என்பார். எப்படி நினைப்பது? ஆள் நெடுநெடுவென்று வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார்.

என் மகள் அப்போது அவரிடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஓடிவந்து சொன்னாள். பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு உருண்டிருக்கிறார்கள். டீச்சர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். தலைமையாசிரியரான அதிபர்தான் ஓடிவந்து பிரித்துவிட்டாராம்.

"பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே டீச்சர்!" என்று அதிபர் சத்தம் போட்டிருக்கிறார்.

"யாரு முதல்ல கையை எடுக்கிறாங்கனு பாத்தேன் சார்" என்றாராம் இவர்.

கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அதிபர் பிரம்பை எடுத்து ஒருத்தியை அடிக்கப் போனபோது, அவள் தொடங்கவில்லை, தொடங்கியது மற்றவள், காரணம் இன்னது என்று வரிசையாகச் சொல்லி அடியை நிறுத்தியதும் இவர்தான். அவ்வளவும் அவருக்கு எப்படித் தெரியும்? பார்த்துக்கொண்டு நின்றதால்தான் தெரியும். பார்த்துக்கொண்டு நிற்காமல் முதலிலேயே பிரித்திருந்தால் அடியே தேவைப்பட்டிருக்காதே என்று நான் கேட்டேன். "அதுவும் சரிதான்" என்றார். அவரோடு வாதம் பண்ணவே முடியாது. எல்லாம் சரிதான் என்று ஒப்புக்கொண்டுவிடுவார்.

மலரைக் குளவி கொட்டியது அவர் வந்து மூன்றாவது வருடம். மலர் என்னுடைய ஓரகத்தி, என் கணவரின் தம்பி மனைவி. மேல்மலையில் கொழுந்து பறிக்கும்போது யாரோ குளவிக்கூட்டைக் கலைத்துவிட, எல்லோரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார்கள். மலர் மட்டும் தண்ணீர் வடிகிற காணில் கால் இடறி விழுந்துவிட்டாள். ஆம்பிளைகள் ரோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார்களே தவிர ஒருவரும் உள்ளே போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த டீச்சர் குடையையும் பையையும் ரோட்டில் வைத்தார். கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டுகிற படங்குச்சாக்கு ஒன்றை ஓடையில் நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஓடாமல், நிதானமாக நடந்து தேயிலைக்குள் போனார். மலரைச் சாக்குக்குள் சுருட்டி இழுத்துக்கொண்டு வந்தார். முகம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் மலருக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்.

பார்க்கப் போனபோது கேட்டேன். "எதுலயும் தலையிட மாட்டீங்களே டீச்சர். இது மட்டும் எப்படி?"

"அது வேற" என்றார்.

எப்படி வேறு என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அந்த வித்தியாசம் இன்றுவரை பிடிபடவில்லை.

எறும்புக் கதைக்கு வருகிறேன். அது அவர் வந்த முதல் வருடம். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் சுள்ளென்று அடித்த ஒரு பிற்பகல். பிள்ளைக்காம்பரா முற்றத்திலும் ரோட்டிலும் றெக்கை முளைத்த எறும்புகள் வந்து விழுந்தன. கடித்தால் தீப்பட்டது போல எரியுமே, அந்தச் சிவப்பெறும்பு ஜாதி. டீச்சர் ரோட்டில் முட்டிபோட்டு, தடித்தவையாகப் பார்த்துப் பொறுக்கினார். அவை ராணிகளாம். அன்று ஒருநாள்தான் பறக்கும், அன்று ஒருநாள்தான் ஆணோடு சேரும். கீழே இறங்கியதும் தன் றெக்கையைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு மண்ணுக்குள் இறங்கி வாசலை அடைத்துக்கொள்ளும்.

"பொறகு சாப்பாடு?" என்றேன். குழந்தைகளோடு இருக்கிறவளுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

"சாப்பாடே இல்ல. பறக்குறதுக்கு இருந்த சதை இனி வேணாம்தானே. அது உள்ளுக்குள்ள கரையும். அதைத்தான் முதல் குஞ்சுகளுக்கு ஊட்டும். ஒரு மாசம் பட்டினி."

"தனியாவா?"

"சிலது தனியா. சிலது ரெண்டு, மூணு, நாலா ஒரே பொந்துக்குள்ள எறங்கும். அக்கா தங்கச்சி எல்லாம் இல்ல. வழியில பாத்ததுங்க."

குழாய்களிலும் அப்படியே விட்டார். தனியாகச் சில, இரண்டிரண்டாகச் சில. ஒரு குழாயில் மட்டும் நான்கு. எனக்கு அந்த நான்கின் மேல் ஒரு பிடிப்பு ஏற்பட்டுவிட்டது. காலையில் பிள்ளைக்காம்பராவைத் திறப்பதற்கு முன் பின்பக்கம் போய்ச் சிவப்புத்தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்குவேன். நான்கும் முட்டைகளை ஒரே குவியலாக வைத்திருந்தன. எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கும். பத்து மணிக்குப் பால் கொடுக்க ஓடிவருகிற தாய்மார், தன் பிள்ளை தூங்கினால் அழுகிற பக்கத்துப் பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரி இருந்தது.

"ஏன் டீச்சர் சேருதுங்க?"

"சேர்ந்தா குஞ்சு நெறைய வரும். பக்கத்துப் பொந்துக்காரங்க வந்து முட்டையத் திருடுவாங்க. ஆள் கூடுதலா இருக்கிற பொந்துதான் ஜெயிக்கும்."

தனி ராணிக் குழாய்களில் நாலைந்து குஞ்சு வந்தபோது இந்த நால்வர் குழாயில் ஒரு கூட்டமே வந்தது. நான் சந்தோசப்பட்டேன். மூன்றாம் நாள் தாளைத் தூக்கினால், இரண்டு ராணிகள் ஒன்றையொன்று தாடையால் கவ்விக்கொண்டு கிடக்கின்றன. நேற்றுப் பிறந்த குட்டி எறும்புகள் ஒரு ராணியின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. யார் தாய் என்று பார்க்கவில்லை.

"டீச்சர்! பிரிச்சி விடுங்க!"

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "மண்ணுக்குள்ள யாரு அக்கா பிரிச்சி விடுவா?"

"இது மண்ணு இல்லியே, உங்க குழாயிதானே!"

"அதுவும் சரிதான்" என்றார். கையை மட்டும் எடுக்கவில்லை.

எது பிழைக்கும் என்று கேட்டேன். எடை அதிகம் உள்ளது என்றார். குஞ்சுகளுக்கு நிறைய ஊட்டியது இளைத்துப் போயிருக்குமாம், அதனால் தோற்றுவிடுமாம். கொஞ்சமாக ஊட்டித் தன் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டதுதான் பெரும்பாலும் நிற்குமாம். "இது என்ன நியாயம்?" என்றேன். "நியாயம்னு நான் சொல்லலியே. நடக்குதுனு சொன்னேன்."

மறுநாள் அவர் பள்ளிக்கூடம் போனதும், கால் ஒடிந்து கிடந்த ராணியை ஈர்க்குச்சியால் வெளியே எடுத்து வேறு குழாயில் போட்டேன். இரண்டு நாளில் செத்துவிட்டது. டீச்சர் என்னைத் திட்டவில்லை. கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார்.

"கோவமா டீச்சர்?"

"இல்ல அக்கா. ஒன்னு வெளிய எடுக்கப்பட்டதுனு எழுதிட்டேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில் மண் சரிந்த வருடம், எங்கள் குடும்பத்துக்கும் மலர் குடும்பத்துக்கும் சேர்த்துக் கீழ் லயத்தில் ஒரே ஒரு காம்பரா, ஒற்றை அறை, கொடுத்தார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். நானும் மலரும் ஒரே அடுப்பில் சமைத்தோம். என் கணவர் கொழும்பில் ஒரு கடையில் காவல்காரர், மாதம் ஒருமுறை வருவார். மலருடைய கணவனும் கொழும்புக்குப் போனான், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். எனக்கு ஒரு மகள், அவளுக்கு இரண்டு மகன்கள். உயர்தரம் படித்தும் எனக்கு வேலை கிடைக்காமல், பிள்ளைக்காம்பரா வேலை வருவதற்கு முன், ஒன்றரை வருடம் கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கப் போனேன். அந்த ஒன்றரை வருடமும் என் மகளை வளர்த்தது மலர். திரும்பி வந்தபோது நான் சதைபிடித்திருந்தேன், அவள் எலும்பும் தோலுமாக இருந்தாள். அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. டீச்சர் அந்த ராணிகளைப் பற்றிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் பிடிக்காமல் போய்விட்டது.

டீச்சர் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். சாயந்திரம் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், எங்களோடு உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டபடி, பிள்ளைகளையும் எங்களையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

குளவி கொட்டிய அதே வருடம் தனி வீட்டுத் திட்டம் வந்தது. லயத்தில் ஒரு காம்பராவுக்கு ஒரு வீடு, ஒரு பெயர்தான் எழுத முடியும் என்றார்கள். எங்கள் காம்பராவுக்கு யார் பெயர்? அதுவரை நாங்கள் சண்டை போட்டதே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு போட்டது வேறு மாதிரி. பிள்ளைகளும் பக்கம் பிரிந்துகொண்டார்கள். மலருடைய பெரியவன், அவன் சின்னதில் என் மடியில் கிடந்து தூங்கியவன், என்னைப் பார்த்து "நீங்கதான் விட்டுட்டுப் போனீங்க" என்றான். இரண்டு வாரத்தில் மலர் பின்பக்கம் கல் வைத்துத் தனி அடுப்பு மூட்டினாள்.

விசாரணைக்கு வெளி ஆள் ஒருவரின் சாட்சி வேண்டும் என்றார்கள். வெளி ஆள் என்றால் டீச்சர்தான்.

முதல்நாள் சாயந்திரம் அவரைத் தேடிப் போனேன். லயத்துக்குப் பின்னால் பட்டுப்போன ரப்பர் மரத்து அடிக்கட்டையைச் சின்ன மண்வெட்டியால் கிளறிக்கொண்டிருந்தார். உள்ளே அதே சிவப்பெறும்புப் புற்று.

"எட்டு… ஒம்போது…" என்று முணுமுணுத்தார்.

"என்ன டீச்சர்?"

"ராணிங்க. ஒரே புத்துக்குள்ள ஒம்போது, இன்னும் இருக்கு. ஒன்னும் அடிச்சிக்கல."

"அன்னைக்கி அடிச்சிக்கிட்டுச்சே?"

"அது தொடங்கும்போது சேருறது. இது பெருசான பொறகு உள்ள விட்டுக்கிட்டது. ரெண்டும் வேற கதை. இந்தப் புத்து ராணிங்க தூரமாப் பறந்து போகாது. கொஞ்ச ஆளக் கூட்டிக்கிட்டு நடந்தே போயி பக்கத்துல வீடு கட்டிக்கும். கீழ ரோட்டோரத்துல, புதுசா வெட்டின காணியில, ஒரு புத்துக்கு ஒரு ராணிதான். அதே எறும்பு அக்கா! இங்க ஏன் இப்படி?"

முதல் தடவையாக அவர் குழம்பி நின்றதைப் பார்த்தேன். இடமெல்லாம் நிரம்பிய இடத்தில் தனியாகப் போகிற ராணி செத்துப்போகும், அதனால் சேர்ந்திருக்கப் பழகிவிடுகின்றன என்று ஒரு கருத்து இருக்கிறதாம். ஆனால் இடம் தாராளமாக இருக்கிற சில ஊர்களிலும் பல ராணிகள் இருக்கின்றனவாம். "ஒன்னும் வெளங்கல" என்று மண் கையால் நெற்றியைத் தேய்த்தார்.

எனக்கு எறும்பைப் பற்றிக் கேட்க நேரமில்லை. வந்த காரியத்தைச் சொன்னேன். என் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று சாட்சி சொல்லச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மலருடைய கணவனே விட்டுவிட்டுப் போய்விட்டான், அவள் இப்போது இந்தக் குடும்பத்துக்காரியே இல்லை, அதையும் சொல்லுங்கள் என்றேன். டீச்சர் என்னைப் பார்த்தார். கை மண்ணாக இருந்ததால் பின்னால் கட்டிக்கொள்ளவில்லை.

"பாப்போம்" என்றார்.

காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் விசாரணை நடந்தது. லயமே திரண்டு நின்றது. வெளியிலிருந்து வந்த அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்து, காம்பராவுக்குத் தலைவர் யார் என்று சிங்களத்தில் கேட்டார். நான் முன்னே போய், மூத்த மருமகளாக முதலில் வந்தவள் நான் என்றேன். மலர் விடவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அவங்க கொழும்புக்குப் போனப்ப இந்தக் காம்பராவுல இருந்தது நான் மாத்தயா! அவங்க புள்ளையையும் நான்தான் பாத்தேன். அவங்களுக்குப் புருசன் இருக்காரு. எனக்கு யாரு இருக்கா?" என்றாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"டீச்சர் மொகத கியன்னே?" என்று அதிகாரி இவர் பக்கம் திரும்பினார். டீச்சர் என்ன சொல்கிறீர்கள் என்று அர்த்தம்.

டீச்சர் சிங்களத்தில்தான் பதில் சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது. "இந்த வீட்டில் அடுப்பு ஒன்று. பிள்ளைகள் மூன்று. எந்தப் பிள்ளைக்கு யார் தாய் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது."

"பெயர் ஒன்றுதான் எழுதலாம் டீச்சர்."

"அப்படியென்றால் யார் பெயரை எழுதினாலும் பிழையாகத்தான் இருக்கும்."

அதிகாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. தகராறு என்று எழுதிக் கோப்பை மூடினார். அந்த முறை எங்களுக்கு வீடு இல்லை.

நான் திகைத்துப் போனேன். வீடு போனதற்காக மட்டும் இல்லை. அடுப்பு ஒன்று என்றாரே! பின்பக்கம் மலர் வைத்த அடுப்பை அவர் பார்த்திருக்கிறார். அதில் சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டிருக்கிறார். பார்த்ததைப் பார்த்தபடியே சொல்கிற மனுசி, எனக்குத் தெரிந்து சொன்ன ஒரே பொய் அதுதான். அதை ஏன் எங்கள் விஷயத்தில் சொன்னார்? தான் குளவியிலிருந்து காப்பாற்றிய மலரை விட்டுக்கொடுக்க மனமில்லை என்று நினைத்தேன். அப்படியென்றால் மலர் பெயரைச் சொல்லியிருக்கலாமே. அதுவும் செய்யவில்லை.

லயத்தில் மற்றவர்கள் எல்லோரும் புது வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெறும் காம்பராக்களுக்கு நடுவில் நாங்கள் மட்டும் இருந்தோம். வைகாசிக் காற்றில் கூரைத் தகரம் பறந்தது. மலருடைய பின்பக்க அடுப்பு மழையில் கரைந்தது. அவள் பானையைக் கொண்டுவந்து என் அடுப்பில் வைத்தாள். நான் விறகைத் தள்ளிவிட்டேன். சமாதானம் ஆனோம் என்று சொல்ல முடியாது. மழைக்கு ஒதுங்கினோம். என் மகள் சாதாரணதரப் பரீட்சைக்கு ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டுதான் படித்தாள். ஒவ்வொரு முறை வாளியில் தண்ணீர் சொட்டும்போதும் நான் டீச்சரைத்தான் மனதுக்குள் திட்டினேன்.

அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். பின் அறைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மலர் மட்டும் மகன்களிடம் அவருக்குச் சாப்பாடு கொடுத்தனுப்புவாள். அடுத்த வருடம் அவருக்கு இடமாற்றம் வந்தது. போகிற அன்று காலையில் குழாய்களை எல்லாம் எடுத்துப் போய் ரப்பர்க் காட்டில் திறந்துவிட்டார் என்று மகள் சொன்னாள். பிறகு பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றார். நான் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்.

"போயிட்டு வர்றேன் அக்கா."

நான் திரும்பவில்லை. தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். சவர்க்கார நுரை எப்போதோ போய்விட்டது, குழந்தை குளிரில் அழத் தொடங்கியும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அடுத்த பட்டியல் வந்தது. இந்த முறை படிவத்தில் இரண்டு பெயர் எழுத இடம் இருந்தது. என் பெயரும் மலர் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. எங்களுக்கு வீடு கிடைத்தது. டீச்சர் அன்று அப்படிச் சொன்னதால்தான் இது நடந்தது என்று சிலர் சொல்கிறார்கள். கிளாக்கர் ஐயாவோ, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, சும்மா கிடைத்த அதிர்ஷ்டம் என்கிறார். எனக்குத் தெரியவில்லை.

போன மாசி மாதம் கேகாலை பஸ் நிலையத்தில் டீச்சரைக் கண்டேன். நரை விழுந்திருந்தது. தாயொருத்தி பிள்ளைக்கு வடை பிய்த்துக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் போய் முன்னால் நின்றேன். எதுவுமே நடக்காதது போல, "அக்கா, மக என்ன செய்யுறா?" என்றார்.

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. "டீச்சர், அன்னைக்கி ஒரு அடுப்புனு ஏன் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"தெரியல அக்கா. வாயில வந்திருச்சி. எழுதி வைக்கக்கூட முடியல."

"என் பேரச் சொல்லியிருந்தா அப்பவே வீடு கெடச்சிருக்கும்."

"ஆமா. ரெண்டு பேருமே அதத்தானே சொல்லச் சொன்னீங்க."

"ரெண்டு பேருமா?"

"நீங்க வந்துட்டுப் போன பொறகு மலரும் வந்தாங்க. அக்கா பேரயே சொல்லிடுங்க டீச்சர், என்னால இந்தச் சண்டை போட ஏலாதுனாங்க. மறுநாள் பிரட்டுல வேற மாதிரி பேசினாங்க. ஏன்னு எனக்கும் தெரியாது."

"நான் சொல்லச் சொன்னத அவகிட்ட சொன்னீங்களா?"

"இல்லியே. அவங்க கேக்கலியே" என்றார். அவருடைய பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயந்திரம். மலர் அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு அவித்து இறக்கிக்கொண்டிருந்தாள். பையை வைத்ததும் வைக்காததுமாகக் கேட்டேன்.

"வெசாரணைக்கு முதல்நாளு டீச்சர்கிட்ட என் பேரச் சொல்லச் சொன்னியாமே?"

அவள் பானையைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா?"

"டீச்சரத்தான் பாத்தேன்."

கிழங்கின் ஆவி அவள் முகத்தில் அடித்தது. "சொன்னேன் அக்கா. சொல்லிட்டு வீட்டுக்கு வந்தேன். சின்னவன் சோறு கேட்டான். அவன் மூஞ்சப் பாத்ததும் மனசு மாறிடுச்சி." தட்டை எடுத்துத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்களும் டீச்சரப் போயிப் பாத்தீங்கதானே. நீங்க என்ன சொல்லச் சொன்னீங்க?"

இத்தனை வருடத்தில் அவள் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"நானும் ஒன் பேரத்தான் சொல்லச் சொன்னேன்" என்றேன்.

மலர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா, இல்லையா, எனக்குத் தெரியவில்லை. தட்டில் கிழங்கை வைத்து, பக்கத்தில் சம்பலையும் வைத்து, என் பக்கம் தள்ளினாள்.

"சாப்புடுங்க அக்கா. ஆறிடப் போகுது" என்றாள்.